ஒற்றைக் கண் மண்குருவி

என் வயதுக்காரர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில் வளர்ந்த நமக்கு, பொழுது சாயும் நேரத்தில் தாய்மார் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கும். எங்கள் லயத்தில் மட்டும் ஒரு மழைக்காலத்தில் அந்தக் கூப்பாடு இல்லை. அதற்குப் பதிலாக மண்குருவி இருந்தது. ஆஹா, அந்த நாள் வருமா என்று பெருமூச்சு விட நான் இதை எழுதவில்லை. ஒற்றை அறைக் காம்பரா ஒழுகியது, வயிறு பாதிதான் நிறைந்தது, அதில் ஏங்க என்ன இருக்கிறது? அண்மையில் ஒரு சத்தத்தை மறுபடி கேட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

யட்டவத்தை ஊருக்குக் கீழே கொக்கோவும் மிளகும் கலந்து நட்ட தோட்டம் அது. ஓயா என்கிற சிற்றாற்றை ஒட்டி எங்கள் கீழ் லயம். ஓயா இறங்கி வருகிற ஏற்றத்தில் மேல் லயம். கொக்கோக் காட்டுக்குள் கொஞ்சம் நுழைந்துவிட்டால் ஆளை ஆள் தெரியாது. இலை அடர்த்தியில் குரலும் போய்ச் சேராது. ஒரு நாள் பக்கத்துக் காம்பரா அத்தையின் கடைக்குட்டி உள்ளே போய் வழி தெரியாமல் ஒரு மரத்தடியில் தூங்கிவிட்டது. லயமே தேடியது. பிள்ளை கிடைத்ததும் அத்தை அதை முத்தமிடுவதா முதுகில் வைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிச் செய்தாள். அன்றைக்குத்தான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது.

அம்மா மாத்தளைப் பக்கத்துச் செங்கல் சூளை ஒன்றில் வளர்ந்தவள். கல்யாணம் கட்டித் தோட்டத்துக்கு வந்த பிறகும் நல்ல களிமண்ணைக் கண்டால் அவளால் சும்மா கடந்து போக முடியாது. ஓயாக் கரையில் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான மண் இருந்தது. அதைக் கொண்டுவந்து, கல் பொறுக்கி, மாவு போலப் பிசைந்தாள். எலுமிச்சங்காய், கொய்யாக்காய், தோடம்பழம் என்று கையில் கிடைத்ததன்மேல் மண்ணை அப்பி, பாதி பாதியாக வெட்டி எடுத்து, ஈர மண்ணால் ஒட்டினாள். உள்ளே வெற்று வயிறு. வாலில் மூங்கில் சிம்பால் ஒரு சந்து. அந்தச் சந்து முடிகிற இடத்தில் அடிப்பக்கமாகச் சின்ன ஜன்னல். ஊதுகிற காற்று அந்த ஜன்னலின் விளிம்பில் சரியாகப் பட வேண்டும். விளிம்பு மழுங்கினால் வெறும் மூச்சுதான் வரும். முதுகில் நான்கு துளை. நிழலில் காயவைத்து, பள்ளம் தோண்டி, காய்ந்த கொக்கோக் கோதுகளைக் கொட்டிச் சுட்டாள். சில வெடித்தன. வெடித்தவற்றுக்காக அவள் கவலைப்பட்டதே இல்லை. மண்ணுக்கா பஞ்சம் என்பாள்.

சூளையில் மண் சுருங்கும், சுருங்கினால் குரல் ஏறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் பெரிதாகவே செய்வாள். "எல்லாம் வயித்துலதான் இருக்கு. வயிறு பெருசுன்னா கட்டைக் குரல், சிறுசுன்னா கீச்சுக் குரல்," என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது சீகிரியா மலையடிக் கடைகளில் இதற்கு ஒகரினா என்று பெயர். எங்களுக்குத் தெரிந்த பெயர் மண்குருவிதான்.

தோடம்பழத்தில் செய்தது என் தம்பிக்குப் போனது. லயத்திலேயே பெரிய குருவி அது. குரலும் அப்படி, தொண்டை கட்டிய கிழவனைப் போல. எனக்குக் கொய்யாக்காய் அளவில் ஒன்று. மேல் லயத்துப் பிள்ளைகளும் வந்து நச்சரித்தார்கள். மிச்ச மண்ணில் அவர்களுக்கு எலுமிச்சங்காய்க் குருவிகள் கிடைத்தன. எல்லாம் கீச்சுக் குரல்.

வர்ணம் அடிப்பதுதான் எங்களுக்குப் பெரிய கொண்டாட்டம். பங்களா ஜன்னலுக்கு அடித்த பச்சைப் பெயிண்டில் கொஞ்சம் அப்பா ஒரு சிரட்டையில் கொண்டுவந்தார். எப்படிக் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, சிவப்புக்குக் காவி. கோழி இறகின் நுனியால் அம்மா சிறகு எழுதுவாள். துளையிலும் ஜன்னலிலும் வர்ணம் போய்விடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவாள். தம்பி தன்னுடையது செம்பகப் பறவையாக இருக்க வேண்டும் என்றான். சிவப்புச் சிறகு எழுதி, ஒரு கண்ணும் வைத்தாள். மறு கண் வைப்பதற்குள் பச்சைப் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. பச்சைக் கண்தான் வேண்டும் என்று அவன் பிடிவாதம். தீபாவளிக்கு முன் வைத்துத் தருவதாக அம்மா சொன்னாள். ஒற்றைக் கண் குருவியை அவன் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தான்.

அதை ஊதுவதற்கு நெஞ்சுப் பலம் வேண்டாம். சூடான கஞ்சியை ஆற்றுகிற மூச்சு போதும். அழுத்தி ஊதினால் குருவி கிறீச்சென்று கோபப்படும். நான்கு துளையையும் விரலின் சதைப் பகுதியால் நன்றாக மூடினால் அடிக் குரல் வரும். ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்கக் குரல் படி ஏறும். தம்பிக்கு முன்பல் விழுந்திருந்த நேரம். எச்சிலெல்லாம் சந்துக்குள் போய்க் குரல் கரகரக்கும். அம்மா வாங்கி, தொடையில் தட்டி உதறிக் கொடுப்பாள். கோயில் மேளக்காரர் வாசிக்கிற எதையோ அவன் அதில் கொண்டுவரப் பார்ப்பான். பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். எங்களுக்குத் தலைவலிதான்.

லயத்தில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. வெளியே போகிற பிள்ளை கண்ணுக்கு மறையும் வளைவில் எல்லாத் துளையையும் மூடி நீளமாக ஊத வேண்டும். நான் இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று அர்த்தம். ஏதாவது ஆபத்தென்றால் நிறுத்தாமல் ஊத வேண்டும். குருவியை ஒருவருக்கொருவர் மாற்றக்கூடாது. கொக்கோ உடைத்துக்கொண்டிருக்கிற பெண்கள் தலையைத் தூக்காமலே தங்கள் பிள்ளையைக் காதால் தெரிந்துகொண்டார்கள். மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அம்மாவைத்தான் கேட்பார்கள்.

கங்காணிக்கு இது பிடிக்கவில்லை. பெண்கள் காதை வேலையில் வைக்காமல் காட்டில் வைத்திருக்கிறார்களாம். காது எதற்கு, கை போதாதா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒரு நாள் அம்மாவை எல்லோருக்கும் முன்னால் மடக்கப் பார்த்தார். பிள்ளைகளின் குருவிகளை வாங்கிக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போய் ஒன்றொன்றாக ஊதினார். அம்மா கொக்கோக் காயை உடைத்தபடியே, இது இன்னாருடையது, இது இன்னாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவர் தம்பியை அழைத்து அவன் குருவியை அவனையே ஊதச் சொன்னார். அம்மா சிரித்துவிட்டாள். "இது எங்க சின்னவன். வாயில எதையோ அடக்கி வச்சிக்கிட்டு ஊதுறான்," என்றாள். தம்பி வாயில் வெல்லக் கட்டி இருந்தது. கங்காணியே கொடுத்தது. அதன் பிறகு அம்மாவின் காதுக்கு எங்கள் தோட்டத்தில் அப்பீல் கிடையாது. அப்பாவுக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அந்தப் பெருமைதான் எங்களைக் கெடுத்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தீபாவளி கிட்ட வந்தது. அப்பா மறுபடி ஒரு சிரட்டைப் பெயிண்ட் கொண்டுவந்து மூடி வைத்திருந்தார். அன்று பின்னேரம் தம்பி ஆட்டை அவிழ்த்து வர ஓயாப் பக்கம் போனான். வளைவில் வழக்கம்போல் ஊதினான், கட்டைக் குரல், நாங்கள் கேட்டோம். எங்கள் பக்கம் வெறும் தூறல்தான். மலையில் கொட்டிய மழையும் ஓயா பெருகி வருவதும் எங்களுக்குத் தெரியாது.

அப்பா வேலையிலிருந்து தொப்பமாக நனைந்து வந்து அடுப்படியில் குந்தியிருந்தார். அம்மா சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தச் சத்தம் வந்தது. மேலே, ஓயாப் பக்கமிருந்து, கீச்சென்று, உள்ளே ஏதோ கொப்பளிக்கிற மாதிரி ஏறி இறங்கி நடுங்கிக்கொண்டு ஒரு சத்தம். நிற்காமல் வந்தது. அப்பா எழுந்தார். சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்விட்டார்.

"உக்காருங்க. அது நம்ம புள்ள குருவி இல்ல," என்றாள் அம்மா. "மேல் லயத்துப் புள்ளைங்க வெளையாடுதுங்க."

அப்பா சாக்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. அம்மா அரிசியை உலையில் போட்டாள்.

இருட்டுவதற்கு முன் ஆடு மட்டும் வந்து சேர்ந்தது. நான் இதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை. மறுநாள் கீழே அணைக்கட்டில் கிடைத்தான். கழுத்தில் குருவி இருந்தது. கரையில் ஆண்கள் சுற்றி நின்றார்கள், அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. கயிற்றை அவிழ்த்துக் குருவியை எடுத்தாள். அதைத் தலைகீழாகச் சாய்த்தாள். அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் வடிந்தது. கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேலைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளைச் சாமானை ஒரு தாய் துடைத்து வைக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அங்கே நின்ற எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஏன் ஊதவில்லை என்று அப்பா கேட்டார், யாரையும் பார்த்து அல்ல. அம்மாதான் பதில் சொன்னாள். "ஊதலைங்க. ஊத நேரமே இருந்திருக்காது. ஊதியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா மிச்சக் காலத்தை ஓட்டினார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவரே சொல்வார், பையன் பயப்படக்கூட நேரமில்லை, ஒரே அடியாகக் கொண்டுபோய்விட்டது, இல்லாவிட்டால் அவள் காதுக்குத் தப்புமா என்று. பல வருடம் கழித்துச் சாகப் படுத்தபோதும் இதையே சொன்னார்.

காரியம் முடிந்ததும் அம்மா ஒவ்வொரு காம்பராவாகப் போனாள். பிள்ளைகளிடமிருந்து குருவிகளைக் கேட்டு வாங்கினாள். மேல் லயத்துக்கும் போனாள். என்னுடையதையும் பிடுங்கினாள். எல்லாவற்றையும் உரலில் போட்டு இடித்து, தூளை வழியில் கொட்டினாள். லயம் பலதும் பேசியது. பிள்ளை போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். தன் பிள்ளைக்கு இல்லாதது ஊர்ப் பிள்ளைக்கு எதற்கு என்கிற எரிச்சல் என்றார்கள். அந்தி நேரத்தில் ஊதியதால் முனி பிடித்துவிட்டது, அதுதான் உடைக்கிறாள் என்று பூசாரி சொன்னார். அத்தை கொஞ்ச நாள் எங்களோடு பேசவில்லை. தம்பியின் குருவியை மட்டும் அம்மா உடைக்காமல் வைத்துக்கொண்டாள். அதன் ஊதுகிற சந்தைத் தேன்மெழுகால் அடைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மறு கண்ணை அவள் எழுதவில்லை. சிரட்டையில் இருந்த பெயிண்ட் காய்ந்து இறுகிப் போனது.

இனி இப்போதைய கதை. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அம்மா என்னோடு மாத்தளை டவுனில் இருக்கிறாள். கண்ணில் புகை மூடிவிட்டது. நினைவு வரும், போகும். அப்பா செத்ததை அடிக்கடி மறந்துவிடுவாள். பின்னேரம் தேத்தண்ணி ஊற்றும்போது அவருக்கும் ஒரு கிளாஸ் ஊற்று என்பாள். முதலில் நான் திருத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் அழுதாள். அதனால் இப்போது ஊற்றிவிடுகிறேன். காது மட்டும் இன்னும் பாம்புக் காது. பக்கத்து வீட்டில் குழாய் சொட்டினாலும் சொல்வாள்.

போன லீவுக்கு மகள் எங்களை சீகிரியாவுக்குக் கூட்டிப் போனாள். அம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். என் முட்டி லட்சணத்துக்கு அந்தக் கல்லைக் கீழே நின்று கும்பிடத்தான் முடியும். மகளும் பேரனும் ஏறப் போனார்கள், நான் கடை வரிசையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு சிங்களப் பெண் மண் ஊதல்கள் விற்றுக்கொண்டிருந்தாள். ஆமை, யானை, மயில், எல்லாம் கையால் செய்து கையால் வர்ணம் தீட்டியவை. வெள்ளைக்காரர் யாராவது வந்தால் ஒன்றை எடுத்து மெதுவாக ஊதிக் காட்டுவாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடிக் குரல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஒரு குடும்பம் வந்து நின்றது. அவர்களோடு வந்த குழந்தையைச் சிரிக்க வைக்க அந்தப் பெண் ஒரு வேடிக்கை செய்தாள். பெரிய குருவி ஒன்றை எடுத்து, போத்தல் தண்ணீரைத் துளை வழியாகக் கொஞ்சம் ஊற்றி, சிந்தாமல் தலைப்பக்கம் தாழ்த்தி ஊதினாள். கட்டைக் குரல் குருவி கீச்சுக் குரலில், கொப்பளித்து, ஏறி இறங்கிக் கத்தியது. குழந்தை சிரித்தது.

அதே சத்தம். அன்றைக்கு நான் கையில் தேங்காயோடு கேட்ட சத்தம். நான் எழுந்து போய், தெரிந்த சிங்களத்தில், ஏன் இப்படி மாறுகிறது என்று அவளைக் கேட்டேன். தண்ணீர் போனால் உள்ளே இடம் குறைந்துவிடும், குரல் உயர்ந்துவிடும், அவ்வளவுதான் ஆச்சி என்றாள். அந்தக் குருவியையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் யாரும் இல்லாத நேரம், அம்மாவை மகளோடு பிள்ளையார் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, ஊதிப் பார்த்தேன். கொஞ்சம் தண்ணீருக்குக் கொஞ்சம் ஏறியது. இன்னும் ஊற்றினால் இன்னும் ஏறியது. பிறகு ஒரு கையால் மட்டும் பிடித்து ஊதினேன். ஒரு கையால் எல்லாத் துளையையும் மூட முடியாது. குரல் அதற்கும் மேலே போனது. அவன் மற்றக் கையால் எதையோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். வேரோ, கல்லோ. பிடித்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி நிறுத்தாமல் ஊதியிருக்கிறான். எங்களுக்குக் கேட்டும் இருக்கிறது. இதை நினைத்து முடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. என் மகளிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஊதவில்லை என்கிற அந்த ஒன்றுதானே அவளுக்கு இருக்கிற ஆறுதல் என்று நினைத்தேன். குருவியைத் துணியில் சுற்றி அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

பேரன் கைக்கு எந்தப் பூட்டு நிற்கும்? போன வாரம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம் சாவியைத் தேடி எடுத்துவிட்டான். சீகிரியாவில் அவனும் அந்த வேடிக்கையைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தேன். பின்முற்றத்துக் குழாயடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஓடிப் போய் அவன் கையிலிருந்து பிடுங்கினேன். ஓங்கியும் விட்டேன். அப்போது உள்ளே கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"பயல அடிக்காத. தண்ணி போனா அப்படித்தான் கத்தும்."

குருவியும் கையுமாக நான் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன். அவளுக்கு என் முகம் தெரியாது. நான் நிற்பது தெரிந்தது.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"செஞ்சவளுக்குத் தெரியாதா. கழுத்துலருந்து எடுத்தப்ப அது வயிறு முட்டத் தண்ணி. சாய்ச்சி ஊத்துறப்பவே தெரிஞ்சி போச்சு, அன்னிக்குக் கேட்டது யாருன்னு."

உரலில் அவள் இடித்த குருவிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. எந்தப் பிள்ளையாவது ஒரு நாள் தண்ணீரை ஊற்றி ஊதிவிடும், அப்பா கேட்டுவிடுவார். அதற்காகத்தான் உடைத்திருக்கிறாள். புத்தி பேதலித்தவள் என்ற பேச்சை வாங்கிக்கொண்டு, ஊதியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும் என்று அவரிடம் சொல்லிச் சொல்லி, அவர் அதையே ஊருக்குச் சொல்வதையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இத்தனை காலம் இருந்திருக்கிறாள். அவளுக்கு ஆறுதல் என்று ஒன்று இருந்ததே இல்லை. நான்தான் இருப்பதாக நினைத்து அதைப் பூட்டிப் பூட்டி வைத்தேன். எனக்கு அழக்கூட வரவில்லை.

"அவரு எந்திரிச்சாரு. வாசலுக்கே போயிட்டாரு. நாந்தான் உக்கார வச்சேன்," என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினாள், அடுப்படியில் யாரோ இருப்பதுபோல. "ஒங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிறாத. தெரிஞ்சா மனுசன் தாங்க மாட்டாரு."

கையை என் பக்கமாக நீட்டினாள். அதில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.